கடைசி வரிசை உதடுகள்

1

பத்தே முக்காலுக்கு சித்ரா மைக்கைக் கையில் வாங்கினாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தவள், கடைசி வரிசையைப் பார்த்துவிட்டாள்.



இளஞ்செழியன்.

காதோரம் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. தெருவில் எதிரே வந்திருந்தால் ஒருவேளை கடந்து போயிருப்பாள். ஆனால் அந்த உதடுகளை இருபத்திரண்டு வருஷம் கழித்தும், இருநூறு பேர் நடுவிலும், அவளால் தவறவிட முடியாது.

"மேடம், மைக்கு வேலை செய்யுதுங்களா?" என்றார் பேரூராட்சித் தலைவர் கந்தப்பன்.

"செய்யுதுங்க" என்றாள். வேலை செய்யாமல் நின்றது மைக் அல்ல.

ஊர் வெள்ளக்கல்பாளையம். குமாரபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். வீடுகளைவிடத் தறிகள் அதிகம். ஊர் நடுவில் இரண்டரை ஏக்கர் சந்தைத் திடல் இருக்கிறது. சந்தை பைபாஸ் பக்கம் போய்விட்டது. மிச்சம் இருப்பவை புழுதி, நாலு வேப்பமரம், ஓய்வெடுக்கும் லாரிகள், நட்டநடுவே ஒரு பழைய கல்மேடை. அந்தத் திடலை, ஜனங்கள் கூடவும் உட்காரவும் பேசவும் விழா நடத்தவும் தோதான இடமாக மாற்ற வேண்டும். சேலத்தில் சித்ரா வேலை பார்க்கும் வடிவமைப்பு அலுவலகத்துக்கு அந்த வேலை வந்தது. வரைபடம் அவளுடையது. அதை ஊர்க்காரர்களுக்குக் காட்டி அபிப்பிராயம் கேட்கத்தான் கல்யாண மண்டபத்தில் இந்தக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை. தறிகளுக்கு லீவு.

அலுவலகத்தில் இந்த வேலையை அவளிடம் யாரும் திணிக்கவில்லை. கேட்டு வாங்கினாள். திடல்மேல் ஆசைப்பட்டு அல்ல. இந்த ஊரில் ஒரு ஆளிடம் அவள் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

அன்னிக்கு ஏன் வரலை?

2

தறிப்பட்டறைக்குள் காதுக்கு வேலை இல்லை. முப்பது தறி ஒரே கூரைக்கடியில் அடித்தால், பக்கத்து ஆள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதும் இல்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரே நிற்பவர் கண்ணால் கேட்டுக்கொள்வார். மாமியார் சண்டை, சினிமாக் கதை, பக்கத்து வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்பது வரை எல்லாமே அப்படித்தான் கைமாறும்.

பத்தொன்பது வயதில் சித்ராவுக்கு இதே ஊரில் ஒரு பட்டறையில் தார் போடும் வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்ன நூல்சுற்றுதான் தார். அவள் நின்ற இடத்துக்கு நேர் எதிர்த் தறி இளஞ்செழியனுடையது. நடுவில் நாலடி நடைபாதை. இரண்டு வருஷம் அந்த நாலடிக்கு மேல் பேசினார்கள்.

பட்டறைக்கு வெளியே பேச இடமில்லை. டீக்கடை ஆண்களுக்கு. குழாயடி பெண்களுக்கு. கோயிலில் ஊரே நிற்கும். ஒரு ஆணும் பெண்ணும் பத்து நிமிஷம் நின்று பேச, அந்த ஊரில் பத்தடி நிலம் கிடையாது.

சேலத்தில் பாலிடெக்னிக் சீட் கிடைத்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஷிஃப்ட் முடிகிற நேரம். இளஞ்செழியன் ஒரு கையில் நாடாவும் மறுகையில் அறுந்த நூலுமாக நிமிர்ந்து பார்த்தான். உதடு அசைந்தது.

"பொழுதோட பேட்டைகிட்ட வா. வந்தீன்னா நாளைக்கே உங்கூட்டுல வந்து பேசறேன். வரலீன்னா நீ படிக்கப் போறேன்னு எடுத்துக்கறேன்."

பேட்டை என்பது நூல் குடோன் பஸ் ஸ்டாப்.

அஞ்சரைக்குப் போய் நின்றாள். ஆறு மணிக்கு மழை பிடித்தது. குடோன் தகரத்துக்கடியில் ஒண்டிக்கொண்டாள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் கழுத்தை நீட்டினாள். எட்டரைக்குக் கடைசி டவுன் பஸ்ஸின் கண்டக்டர், "என்ன சாமி, ஏறறயா இல்லையா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை மினி லாரியில் அம்மாவோடும் பீரோவோடும் சேலம்.

அதற்கப்புறம் டிப்ளமா, வேலை, தபாலில் ஒரு டிகிரி, ஒரு கல்யாணம். கல்யாணம் நாலு வருஷத்தில் முடிந்துபோனது. பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவளே தனக்குப் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

3

பின்னால் ஆளுயரத்துக்கு வரைபடம், ஃப்ளெக்ஸில் அடித்துக் கட்டியிருந்தது. சித்ரா விளக்க ஆரம்பித்தாள். இங்கே நிழல் மரங்கள். இங்கே பொங்கல் விழாவுக்கும் கும்மிக்கும் வெற்று மைதானம். இங்கே நீரூற்று. நீரூற்றைப் பார்த்தபடி வரிசையாகப் பதினெட்டு பெஞ்சு.

ஒரு பெண் கை தூக்கினாள். அகலமான முகம், ஐம்பது வயதிருக்கும். சாரதாமணி. அந்தக் காலத்தில் மூன்றாம் தறியில் நின்றவள்.

"ஏங்கண்ணு, நீ நம்ம பட்டறைல தார் போட்டுட்டிருந்த சித்ராதான?"

"ஆமாங்க்கா."

"அப்பறம் ஏன் இப்படிப் போட்டு வெச்சிருக்கற?"

"எதைங்க்கா?"

"பெஞ்சைத்தான். எல்லாத்தையும் ஒரே பக்கமாப் பாக்க வெச்சிருக்கற. பக்கத்துல உக்காந்தா நாங்க எப்படிச் சாமி பேசறது? எங்கள்ல பாதிப் பேருக்குக் காது போச்சு. மூஞ்சியப் பாத்தாத்தான பேச்சு. உன்ற பெஞ்சுல உக்காந்தா கழுத்துச் சுளுக்கித்தான் ஊடு போகோணும்."

மண்டபம் சிரித்தது. சித்ராவுக்குக் காது சூடானது. இருபது வருஷம் ஏ.சி. ரூமில் வரைந்ததில், மனுஷர்கள் எதிரெதிரே நின்றுதான் பேசுவார்கள் என்பதை அவளே மறந்திருக்கிறாள்.

தலைவர் கந்தப்பன் மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேரூராட்சி என்ஜினீயர் தனசேகர் பக்கம் சாய்ந்தார். லாரி ஓனர் அவர். தறிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மெதுவாகத்தான் முணுமுணுத்தார். அவர் சொன்னது இரண்டடி தள்ளி நின்ற சித்ராவுக்கே கேட்கவில்லை.

"தலைவரே," என்று எழுந்தாள் சாரதாமணி. "பெஞ்சு கிடக்கட்டும், முன்னால உங்க பேரப் போட்டு பெரிய ஆர்ச் வெச்சுரலாம்ங்கறீங்ளே. ஆர்ச்சு நெழல் குடுக்குமுங்களா?"

கந்தப்பன் விழித்தார். "நான் எப்பம்மா சொன்னேன்?"

"இப்பத்தானுங்க" என்றன முன்வரிசையில் நாலைந்து குரல்கள்.

"ஐயா, இந்த ஊர்ல ரகசியம் பேசறதா இருந்தா முதுகைக் காட்டிட்டுத்தான் பேசோணுமுங்க" என்றார் தனசேகர். கந்தப்பன் தோள்துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அதன்பின் கூட்டம் முடியும்வரை துண்டுக்குள்தான் பேசினார்.

சித்ரா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று உறைத்தது. இந்த மண்டபத்தில் அவள் உதட்டை இருநூறு பேர் படிப்பார்கள். கடைசி வரிசையைப் பார்த்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சத்தமில்லாமல் கேட்டாலும், நாளைக்கு ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

அவன் நிலைமை வேறு. எல்லோரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் இருப்பவன் முகத்தைப் பார்க்கும்படி நிற்கிறவள் அவள் மட்டும்தான். மேசையில் அவளோடு இருந்த கந்தப்பனுக்கும் தனசேகருக்கும் உதடு படிக்கத் தெரியாது.

அவன் அவளிடம் எது வேண்டுமானாலும் பேசலாம். அவள் பதில் பேச முடியாது.

4

"அடுத்தது, நடுவுல இருக்கற கல்மேடை" என்றாள் சித்ரா. வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்பில் எழுதியிருந்தது: மேடை - அகற்றப்படும். "அது பார்வையை மறைக்குதுங்க. எடுத்துட்டா மைதானம் ஒரே வெளியா இருக்கும்."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பச்சைச் சேலை. களையான முகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளஞ்செழியனின் தோளில் கை வைத்திருந்தாள்.

"நான் தேவிப்ரியாங்க. எங்கூட்டுக்காரருக்குக் காது சுத்தமா அடைச்சுப் போச்சு. அவரு ஒண்ணு சொல்லோணுமாமா. அவரு சொல்றத நான் சொல்றேனுங்க."

சித்ரா தலையாட்டினாள். எங்கூட்டுக்காரர். அதை எதிர்பார்க்காமலா வந்தாள்? எதிர்பார்த்துத்தான் வந்தாள். இருந்தாலும் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

தேவிப்ரியா குனிந்து கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்தது. மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, சித்ராவின் கண் அதைப் படித்தது.

பேட்டைய இடிக்க வேண்டாம்.

பேட்டையா? குடோன் ஸ்டாப்பையா? அதை யார் இடிக்கப் போகிறார்கள்?

ஒரு வினாடி கழித்து தேவிப்ரியாவின் குரல் வந்தது.

"மேடைய இடிக்க வேண்டாம்ங்கறாருங்க."

சித்ரா மைக்கை இறக்கினாள்.

மேடை. பேட்டை.

கண்ணுக்கு ஒரு வார்த்தை. காதுக்கு ஒரு வார்த்தை. ஒரே உதட்டிலிருந்து.

ப என்றாலும் ம என்றாலும் உதடு ஒட்டித்தான் பிரியும். வித்தியாசம் மூக்குக்குள் இருக்கிறது. அதைக் காது கேட்கும், கண் பார்க்காது. ட அழுத்தமா, மெல்லிசா என்பது பல்லுக்கு உள்ளே நடக்கிற விஷயம். பட்டறைக்காரர்கள் இதை முன்னும் பின்னும் வரும் வார்த்தைகளை வைத்துச் சமாளிப்பார்கள். 'பொழுதோட வா' என்பதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது சமாளிக்க? பஸ் ஸ்டாப்புக்கு வா என்றால் அர்த்தம் இருக்கிறது. சந்தைக்கு நட்டநடுவே இருக்கிற மேடைக்கு ஒரு பெண்ணை வரச் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

அரை கிலோமீட்டர். அன்று அவர்களுக்கு நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

"ஏன் வேண்டாம்ங்கறாரு?" துண்டுக்குள்ளிருந்து கேட்டார் தலைவர்.

தேவிப்ரியா சங்கடமாகச் சிரித்தாள். "என்னத்தச் சொல்றதுங்க. மழை வந்தா எல்லாரும் ஊட்டுக்குள்ள ஓடி வருவாங்க. இவரு அந்த மேடைக்குப் போயிருவாரு. ஏனுங்கன்னா, சும்மாங்கறாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தச் 'சும்மா'வுக்கு எனக்கு அர்த்தம் தெரியாதுங்க."

மறுபடி சிரிப்பு. தேவிப்ரியாவும் சிரித்தபடி உட்கார்ந்து, முன்பக்கம் பார்த்தாள்.

அப்போது இளஞ்செழியன் நேராக சித்ராவைப் பார்த்தான். யாரும் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு நீ வரலை" என்றது உதடு. குற்றம் சாட்டுகிற முகம் இல்லை அது. ஊரில் மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி இருந்தது. "தப்பில்ல. படிச்சது நல்லதாப் போச்சு. அந்த மேடை மட்டும் இருக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷமாக அவள் சுமந்து வந்த கேள்வியைத்தான் அவனும் சுமந்திருக்கிறான். அவன் அதற்குப் பதிலையும் தானே எழுதிக்கொண்டுவிட்டான். தப்பான பதில்.

சொல்லியாக வேண்டும். எப்படி? உதட்டால் சொன்னால் ஊரே படிக்கும். அதைவிட மோசம், அவனுக்கே புரியாது. நான் பேட்டைல நின்னேன் என்று சொன்னால், மேடைல நின்னேன் என்றுதான் அவன் படிப்பான். பொய் சொல்கிறாள் என்று நினைப்பான். சத்தமாகச் சொன்னால் அவன் காதில் விழாது.

மேசையில் தடித்த மார்க்கர் பேனா கிடந்தது.

5

சித்ரா வரைபடத்துக்குத் திரும்பினாள். 'அகற்றப்படும்' என்பதை அடித்தாள். பிறகு 'மேடை' என்பதையும் அடித்தாள். மேலே, கடைசி வரிசைக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள்.

பேட்டை.

"மேடம்," என்றார் தனசேகர். "மேடைங்கறத அடிச்சுட்டுப் பேட்டைன்னு எழுதிட்டீங்க."

"அட, ஆமாங்க." குரலை இயல்பாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடாக இருந்தது. "நம்ம பட்டறைப் பழக்கம். உதட்டப் பாத்துப் படிச்சா ரெண்டும் ஒண்ணுதானுங்களே. மேடைன்னு ஒருத்தர் சொன்னத, நான் இத்தன வருஷமா பேட்டைன்னே நெனச்சுட்டிருந்தேன்."

"நல்லாச் சொன்ன போ," என்றாள் சாரதாமணி. "எங்க மாமியா மாவு எடுத்துட்டு வான்னா. நான் பாவு நூலைத் தூக்கிட்டுப் போயி முன்னால நிக்கறேன். தோசைக்கு நூலக் கரைக்கறதாடீன்னு கேட்டா பாரு."

மண்டபமே குலுங்கியது. தேவிப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பக்கத்தில் ஒரே ஒருவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். போட்டுக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையைப் படித்தான். பிறகு சித்ராவைப் பார்த்தான். மறுபடி வார்த்தையைப் பார்த்தான்.

உதடு மெதுவாகப் பிரிந்தது.

"எத்தன நேரம்?"

அவள் எப்படிப் பதில் சொல்வாள்? கந்தப்பனே வழி விட்டார். "அதெல்லாம் இருக்கட்டும் மேடம். மேடைய வெச்சா அதுக்கு என்ன உபயோகம்? வெயில்ல, மழைல யாரு அங்க நிக்கப்போறா?"

சித்ரா மைக்கை வாயை மறைக்காமல் தாழ்த்திப் பிடித்தாள். கடைசி வரிசை வரை உதடு தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நிப்பாங்க சார். ஒருத்தர் பொழுதோட அஞ்சரைக்கு வந்து எட்டரை வரைக்கும் நின்னாங்கன்னு வெச்சுக்குங்க. மழை வேற. தகரத்துக்கடியில ஒண்டிட்டு, யாராச்சும் வர்றாங்களான்னு ரோட்டையே பாத்துட்டு. அவங்களுக்கு ஒதுங்க ஒரு கூரை, உக்கார ஒரு கல்லு வேணுமில்லீங்களா? அதுக்குத்தான்."

"மூணு மணி நேரம் எவன் நிப்பான்?" என்றது துண்டு.

"நிக்கறவங்க நிப்பாங்க சார்."

கடைசி வரிசையில் இளஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றினான். வேட்டி முனையால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்தபோது உதடு இரண்டே வார்த்தை சொன்னது.

"நானுந்தான், சித்ரா."

அப்புறம், "பொழுது சாஞ்சா ஆளில்லாம கெடக்கறது ஊர்ல அந்த ஒரு எடந்தான இருந்துச்சு" என்றது.

வரைபடத்தில் ஏதோ சரிபார்ப்பது போல அவள் திரும்பி நின்றுகொண்டாள். முதுகைக் காட்டினால்தான் இந்த ஊரில் ரகசியம்.

6

பன்னிரண்டரைக்குக் கூட்டம் முடிந்தது. மேடை இருக்கும். அதற்குக் கூரை வரும். நீரூற்று வேண்டாம் என்று ஜனங்களே சொல்லிவிட்டார்கள். பெஞ்சுகளுக்குப் பதில் எதிரெதிரே கல் இருக்கைகள். நடுவில் இடைவெளி எவ்வளவு என்று தனசேகர் கேட்டபோது, சித்ரா யோசிக்காமல் "நாலடி" என்றாள். ஆர்ச்சைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, தலைவர் உட்பட.

அவள் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் குரல் கேட்டது.

"மேடம்."

தேவிப்ரியா. பக்கத்தில் இளஞ்செழியன். இரண்டடி தூரத்தில்.

"ரொம்ப நன்றிங்க. கூட்டம் முடிஞ்சதுல இருந்து இவரு மூஞ்சியே ஒரு மாதிரி இருக்குதுங்க. சந்தோசமாட்ட இருக்குது, அழுகறாப்பலயும் இருக்குது. ஒரு கல்லுக்குப் போயி இப்படியான்னு கேட்டுட்டிருக்கறேன்." சிரித்தாள். "இவரும் உங்க பட்டறைதானுங்களாமா? உங்களுக்கு நெனப்பிருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றாள் சித்ரா.

தேவிப்ரியா கணவன் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள். நெனப்பிருக்குதாமா, பேசுங்க.

இளஞ்செழியன் தொண்டையைச் செருமினான். உதட்டை மட்டும் அசைக்காமல், பெரிய மனுஷியிடம் பேசுகிற மரியாதையோடு, வாய்விட்டுப் பேசினான். காது கேளாதவர்களுக்கே உரிய, அளவு தெரியாத உரத்த குரல்.

"நல்லாருக்கீங்களா?"

கொஞ்சம் கரகரப்பு. நினைத்ததைவிடக் கனமான குரல். இரண்டு வருஷம் முப்பது தறிகளுக்கு நடுவே பேசியவன் குரலை, அவள் வாழ்க்கையில் முதல்முதலாக இப்போதுதான் கேட்கிறாள். அவனோ அவள் குரலை இனிமேல் கேட்கப் போவதே இல்லை.

முதல்முதலாகக் கேட்ட வார்த்தையிலேயே ஒரு 'ங்க' இருந்தது.

"நல்லாருக்கேனுங்க" என்றாள்.

அவன் கண் அவள் உதட்டில் இருந்தது. "திடலு எப்ப முடியுமுங்க?"

"எட்டு மாசம் ஆகும்."

"தெறக்கறப்ப வருவீங்ளா?"

படம் வரைகிறவர்கள் திறப்புக்கு வருவதில்லை. வரைந்து கொடுத்ததும் வேறு ஊர், வேறு திடல். அடுத்த மாதம் அவளுக்குத் தம்மம்பட்டியில் ஒரு பஸ் ஸ்டாண்டு காத்திருக்கிறது. அதை அவனிடம் சொல்லலாம். தேவிப்ரியா பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்ல பெண். புருஷன் எங்கே போய் நிற்கிறான் என்று தெரியாமலே, அவன் நிற்கிற இடத்தைக் காப்பாற்ற எழுந்து நின்று பேசியவள்.

வெளியே அலுவலகக் கார் ஹாரன் அடித்தது.

"வாரேனுங்க" என்றாள் சித்ரா.

இந்தப் பக்கத்தில் கிளம்பும்போது சொல்வதும் அந்த வார்த்தைதான். மறுபடி வருவேன் என்பதற்கும் அந்த வார்த்தைதான்.

"சரிங்க, பாத்துப் போங்க" என்றாள் தேவிப்ரியா. புருஷனின் முழங்கையைத் தொட்டாள், போகலாம் என்று.

அவன் நகரவில்லை. அந்த வார்த்தை இரண்டில் எது என்று சொல்ல இன்னொரு வார்த்தை வருமா என்று, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.